துருவுக்குச் சான்றிதழ் தருகிறவர்

நம்மிடையே ஒரு ரக மனிதர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் இவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, மழைமானியைப் பார்ப்பார்கள். மானியில் தண்ணீர் ஏறவில்லை என்றால், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே "மழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார்கள். ரேஷன் ஆபீஸில் இருப்பார்கள், பாங்குக் கவுண்டரில் இருப்பார்கள், ஹவுசிங் சொசைட்டிக்குக் காரியதரிசியாக இருப்பார்கள். நான் இவர்களுக்கு நியமக்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கெட்டவர்களா? சேச்சே! லஞ்சம் வாங்க மாட்டார்கள், பொய் சொல்ல மாட்டார்கள், வேலைக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வர மாட்டார்கள். கஷ்டமே அங்கேதான். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவர்களை என்ன செய்வது?

இந்த ரகத்தில் நான் கண்ட முழுமையான மனிதர் வெங்கடேஸ்வரன். பாலக்காட்டுப் பூர்வீகம், மாதுங்காவில் வாசம், எங்கள் கட்டடத்திலேயே எனக்கு மேல் மாடி. செம்பூருக்கு அப்பால் கடலோரமாக இருந்த ஓர் எண்ணெய்க் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா, அவர் பெயின்ட் இன்ஸ்பெக்டர். ஆனால் பெயின்ட் இன்ஸ்பெக்டர் என்று அவர் காதில் விழச் சொல்லிவிடாதீர்கள். "புறப்பரப்பு அரிப்புத் தடுப்பு" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். எண்ணெய்க் குழாயும் டாங்கும் வெளிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க, பழைய துருவை எவ்வளவு சுரண்டுவது, எந்த பெயின்டை எத்தனை பூச்சு என்ன கனத்துக்கு அடிப்பது, காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தால் அடிக்கவே கூடாது என்றெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து எழுதிய நியமங்கள் உண்டு. அந்த நியமங்களுக்கு செம்பூர்க் கிளைக் காவலர் அவர்.

ஸ்வீடன் தேசத்தில் அச்சான ஒரு புத்தகம் அவரிடம் இருந்தது. முழுக்க முழுக்கத் துருவின் கலர்ப் படங்கள். ஏ என்றால் துருவே இல்லை, டி என்றால் குழி விழுந்து உருப்படாமல் போனது. வீட்டுக்கு யாராவது வந்தால் மற்றவர்கள் கல்யாண ஆல்பத்தை எடுப்பார்கள், இவர் இதை எடுப்பார். "இது ஏ. இது பி. இந்த சி-யைப் பாருங்கோ, என்ன சுத்தமான சி!" என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். காபி கொண்டுவரும் அவர் மனைவி ஷ்யாமளா, "இவருக்கு என் மூஞ்சியைவிட அந்த சி-யைத்தான் நன்னாத் தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் சிரிக்க மாட்டார். அந்த வாக்கியத்தில் தவறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

காற்றில் ஈரம் பார்க்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. இரட்டைத் தெர்மாமீட்டரை ஒரு கைப்பிடியில் கோத்து, திருவிழாக் கிலுகிலுப்பை போலத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் ஈரம் என்றால் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. பம்பாயிலா? ஜூன் பிறந்துவிட்டால் இங்கே காற்றில் தண்ணீர் கலந்திருக்கிறதா, தண்ணீரில் காற்று கலந்திருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? பெயின்டர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குந்தியிருக்க, நடுவில் இவர் நின்று கிலுகிலுப்பையைச் சுழற்றிப் பார்த்து, "எண்பத்தாறு" என்பார். பன்னிரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பூச்சில் ஊசித்துளை விழுந்தால் அதற்கு அந்தத் தொழிலில் "ஹாலிடே" என்று பெயர். ஒரு முறை இவர் "ஆறாம் லைனில் பதினோரு ஹாலிடே, உடனே சரிசெய்யவும்" என்று குறிப்பு அனுப்ப, அது வழிதவறி டைம் ஆபீஸுக்குப் போய், அங்கே இருந்தவர் ஆறாம் லைனில் வேலை பார்த்த பதினோரு பேருடைய லீவையும் ரத்து செய்துவிட்டார். அவர் யார்? வேறு யார், இதே ரகம்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம். போபால் நடந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் மேலிடத்துக்குப் பாதுகாப்பின் மேல் திடீரென்று ஒரு பக்தி வந்திருந்தது. மதில் ஓரமாகப் போகும் நாப்தா லைன் முழுவதையும் நியமப்படி மறுபடி பெயின்ட் அடிக்க உத்தரவாயிற்று. நாப்தா என்பது பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி, கோபத்தில் அண்ணனை மிஞ்சியவன். மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குடிசைகள், குடிசைக்கு ஓர் அடுப்பு.

பெயின்ட் கான்டிராக்ட் நஜிமுதீனுக்கு. கடையநல்லூர்க்காரர், தாராவியில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய ஆட்களில் மூத்தவர் காசிம். அவருக்கு ஐம்பது வயது. இருபத்தைந்து வருஷம் இரும்பைச் சுரண்டியவர். நியமப் புத்தகம் எதையும் அவர் படித்ததில்லை. கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும், அதனால் குழாயைத் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போவார்.

குழாய் இருபதடிக்கு ஒன்றாகக் காங்கிரீட் கட்டைகளின் மேல் படுத்திருக்கும். சப்போர்ட் என்பார்கள். நாற்பத்தோராவது சப்போர்ட்டில் காசிம் நின்றுவிட்டார். அன்று நான் பெயின்ட் டப்பா கணக்கெடுக்க அங்கே போயிருந்ததால் எல்லாவற்றையும் காதால் கேட்டேன்.

"சார், மத்த எடத்துல தட்டுனா டங்குங்குது. இங்கன டொப்புங்குது. கட்டைமேல குழாய் உக்காந்திருக்குல்லா, அந்த அடிப்பக்கம் போச்சு சார். ஊறல் வழிஞ்சிருக்கு பாருங்க. ஒரு ஜாக்கி வச்சு அரை அங்குலம் தூக்குனா பாத்துரலாம்."

வெங்கடேஸ்வரன் பைலை விரித்தார். "சத்தத்துக்கு ஸ்டாண்டர்டுல அளவு ஒண்ணும் கிடையாதே, காசிம்."

"அளவு தெரியாது சார். காது சொல்லுது."

"காதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? இதைக் கேளுங்கோ. ஆறு புள்ளி மூணு. 'எட்டக்கூடிய பரப்புகள் அனைத்தும் பூசப்பட வேண்டும்.' அந்த அடிப்பக்கத்துக்கு உங்க பிரஷ் எட்டுமோ?"

"எட்டாது சார்."

"அப்போ அது எட்டாத பரப்பு. எட்டாத பரப்பு எனக்குக் கிடையாது."

காசிம் அந்த ஊறலை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "தண்ணிக்கு எட்டுதே சார்" என்றார்.

இதற்கு ஆறு புள்ளி மூன்றில் பதில் இல்லை. வெங்கடேஸ்வரன் பக்கவாட்டில் மீட்டரை வைத்துப் பூச்சின் கனத்தை அளந்தார். அருமையான கனம். கட்டையில் வழிந்திருந்த பழுப்புக் கோட்டைத் துணியால் துடைக்கச் சொன்னார். பதினான்காம் தேதி போட்டு, நாற்பத்தொன்றுக்கு நேரே கையெழுத்திட்டு, அடுத்த சப்போர்ட்டுக்கு நகர்ந்தார்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் இருக்கும். திருத்த வேலைக்காகப் பக்கத்துச் சப்போர்ட்டில் குந்தியிருந்த காசிமுக்கு வாடை அடித்தது. குனிந்து பார்த்தார். நாற்பத்தொன்றின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நாப்தா. ஐம்பது கஜம் தள்ளி வெங்கடேஸ்வரன் கிலுகிலுப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். காசிம் அவரிடம் ஓடினார்.

"சார், நாப்பத்தொண்ணுல ஒழுகுது! பம்ப நிறுத்தச் சொல்லுங்க!"

"நாப்பத்தொண்ணா? இருங்கோ." பைல் புரண்டது. "பதினாலாம் தேதி பாஸ் ஆயிருக்கே. இதோ, கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து இருக்கட்டும் சார், எண்ணெ ஒழுகுது!"

"சொட்டா, கசிவா? பாரத்துல ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டமாக்கும்."

காசிம் திரும்பி ஓடினார்.

டெலிபோன் பெட்டி நாற்பது அடி தூரத்தில் இருந்தது. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வெங்கடேஸ்வரன் நாற்பத்தொன்றுக்கு நடந்து போனார். குனிந்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டார். சொட்டு என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அடிக்கும்போதே சொட்டு கம்பியாக நீண்டுவிட்டது. அதை அடித்துவிட்டுக் கசிவில் டிக் அடித்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். போட்டார்.

அதற்குள் காசிம் ஒரு காலி பெயின்ட் டிரம்மை மதிலோரம் உருட்டி நிமிர்த்தி, அதன்மேல் ஏறி, மதிலில் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு கத்தினார். "சூலா பந்த் கரோ! அடுப்ப அணைங்க! பீடி பந்த்! காஸ் வருது, காஸ்!" முதலில் குடிசைக்காரர்களுக்குப் புரியவில்லை. ஒரு பெண் மட்டும் மதில்மேல் தொங்கிய முகத்தைப் பார்த்தாள். துணி துவைக்க வைத்திருந்த வாளியை எடுத்துத் தன் அடுப்பில் அப்படியே கவிழ்த்தாள். பிறகு வரிசை முழுவதும் வாளி கவிழ்ந்தது. டிரம் சரிந்து காசிம் விழுந்தார். கணுக்கால் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டதாம். அந்தக் காலோடு நொண்டி நொண்டி இருநூறு கஜம் போய், அனுமதியின்றி நுழையக் கூடாது என்று எழுதிய பம்ப் அறைக்குள் நுழைந்து, உள்ளே இருந்தவர் "யார் நீ, பெர்மிட் எங்கே" என்று கேட்டு முடிப்பதற்குள் சிவப்புப் பொத்தானைக் குத்தி பம்பை நிறுத்தினார்.

வெங்கடேஸ்வரன் டெலிபோனை எடுத்தபோது பம்ப் நின்று ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, நுரை அடித்தார்கள். யாருக்கும் தீக்காயம்கூட இல்லை. காசிம் மட்டும் சயான் ஆஸ்பத்திரியில் கால் கட்டோடு படுத்தார்.

நல்லது, காசிமுக்கு மாலை போட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்குக் கம்பெனி உத்தியோக அனுபவம் போதாது. மூன்றாம் நாள் குற்றப் பத்திரிகை தயாராகிவிட்டது. பெர்மிட் இல்லாமல் பம்ப் அறைக்குள் நுழைந்தது ஒன்று. அதிகாரம் இல்லாமல் பம்பை நிறுத்தியது இரண்டு. கம்பெனி மதிலில் ஏறிப் பொதுமக்களிடையே பீதி கிளப்பியது மூன்று. காசிமின் கேட் பாஸ் பறிமுதல், நஜிமுதீனின் கான்டிராக்ட் ரத்துக்குப் பரிந்துரை. வெங்கடேஸ்வரனின் பைலையோ ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். ஒரு கையெழுத்துக்கூடக் குறையவில்லையே!

சனிக்கிழமை சாயங்காலம் நஜிமுதீன் மாதுங்காவுக்கு வந்தார். தனியாக மேலே போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டார். வெங்கடேஸ்வரன் உட்காரச் சொன்னார். நஜிமுதீன் உட்காரவில்லை.

"சார், நான் உங்ககிட்ட தயவு கேக்க வரல. பொய்யும் சொல்ல வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு முந்தி காசிமண்ணன் இந்த எடம் சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னாரா இல்லையா? அத மட்டும் திங்கக்கெழம விசாரணையில வந்து சொல்லுங்க. போதும்."

"வாய்வார்த்தை பதிவுல ஏறாது, பாய்."

"அப்ப அவரு சொன்னது சொல்லாததுதானா சார்?"

சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்ற ஷ்யாமளா உள்ளே வந்தாள்.

"ஏன்னா, எனக்கு ஒண்ணு புரியலை. இப்படி ஓட்டை விழுந்து எண்ணெய் ஒழுகினா என்ன பண்ணணும்னு உங்க புஸ்தகத்துல ஒண்ணுமே போட்டிருக்கலையா?"

"போடாம இருப்பாளா? பன்னெண்டாவது அத்தியாயம்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

முதல் பதினோரு அத்தியாயங்களும் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டாவது, பூச்சு வேலையில் சேராது என்பதால் அவர் திறந்ததே இல்லை. எழுந்து போய்க் கம்பெனி நியமத் தொகுதியை எடுத்து வந்தார். கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரலால் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததை மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"'கசிவைக் காணும் எவரும், முதலில் அக்கம்பக்கத்தாரை எச்சரித்து, பிறகு ஓட்டத்தை நிறுத்தி, அதன் பிறகே...' எவரும்." அந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். "எவரும்."

"எவரும்னா கான்டிராக்ட் ஆளும் சேர்த்தியோ?" என்றாள் ஷ்யாமளா.

"எவரும்னா எவரும்தான்." குரல் இறங்கியிருந்தது. அடுத்த வரிக்குப் போனார். "'தகவல் பெறும் அலுவலர், உடனடியாக...'" அங்கே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "உடனடின்னா எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"போடலை" என்றார். "போட வேண்டாம்னு நெனச்சிருப்பா. தானாத் தெரியும்னு."

காபி ஆறிப்போயிற்று. நஜிமுதீன் சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பியதுகூட அவர் கவனத்தில் இல்லை.

திங்கட்கிழமை விசாரணையில் மானேஜர் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வெங்கடேஸ்வரனைச் சாட்சியாகக் கூப்பிட்டதும், அவர் எழுந்து பன்னிரண்டாம் அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "காசிம் எச்சரிச்சிருக்கார், நிறுத்தியிருக்கார். வரிசைகூடத் தப்பலை சார். அன்னிக்கு அந்த இடத்துல ஸ்டாண்டர்டை அனுசரிச்ச ஒரே ஆள் அவர்தான்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து வைத்தார். மூன்று பிரதி, நடுவில் கார்பன் தாளோடு. நியம மீறல் அறிக்கை. இருபது வருஷமாகக் கான்டிராக்டர்களை அழவைத்த அதே பாரம். மீறியவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தார். இடம், நாற்பத்தோராம் சப்போர்ட்டுக்கும் டெலிபோனுக்கும் நடுவே. தாமதம், ஏழு நிமிஷம். இரண்டு வாரத்துக்கு முன் காசிம் சொன்னதும் வார்த்தை பிசகாமல் இருந்தது, "தண்ணிக்கு எட்டுதே சார்" உள்பட. பரப்பின் துரு நிலை என்ற கட்டத்தைக்கூட அவர் காலியாக விடவில்லை. டி. அதற்கு எதிரே, செய்ய வேண்டிய திருத்தம்: முழுச் சுரண்டல்.

மானேஜர் அதைப் படித்துவிட்டு முகம் சிவந்தார். "மிஸ்டர் வெங்கடேஸ்வரன், இது ரிக்கார்டுக்குப் போனால் நம் எல்லோருக்கும் தலைவலி. திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

"திரும்ப எடுத்துக்கறதுக்குப் பாரம் கிடையாது சார்" என்றார் வெங்கடேஸ்வரன். பரிதாபமாகத்தான் சொன்னார். அவர் நிஜமாகவே தேடிப் பார்த்திருக்கிறார்.

காசிமின் கேட் பாஸ் ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. கான்டிராக்ட் பிழைத்தது. லைனை நிறுத்திவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு சப்போர்ட்டிலும் குழாயை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பத்தொன்பது இடத்தில் அடிப்பக்கம் அப்பளமாக இருந்தது. அந்த வருஷத்துப் பாதுகாப்புக் கேடயம் மானேஜருக்குக் கிடைத்தது. வெங்கடேஸ்வரனுக்கு வர வேண்டிய பிரமோஷன் வரவில்லை. தாணேயில் இருந்த பழைய ரிக்கார்டு அறைக்கு மாற்றினார்கள்.

மனிதர் மாறிவிட்டாரா என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விசாரணை நடந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, காசிமைப் பார்க்க சயான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து நீட்டி, "என்னை மன்னிக்கணும், காசிம்" என்றார். காசிம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சார். நீங்க உள்ளத உள்ளபடி எழுதிட்டீங்கள்லா. அத எவன் எழுதுவான்?" இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு வெங்கடேஸ்வரன் மூக்கைச் சிந்திவிட்டுப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"அந்தச் சத்தம் சொன்னேளே. டங், டொப். நடுவுல வேற ஏதாவது உண்டோ?"

"நடுவுலயா? டொங்குன்னு ஒண்ணு வரும் சார். அது பாதி தின்னுருக்குன்னு அர்த்தம்."

"டங் ஏ. டொங் பி. டொப் சி. சுத்தியல் என்ன எடை?"

காசிம் என்னைப் பார்த்தார். நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். பிற்பாடு தாணே ரிக்கார்டு அறையில் உட்கார்ந்து அதைப் பதினோரு பக்க நியமமாக எழுதி முடித்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். சுத்தியல் பிடிக்கும் கோணம் மட்டும் ஒன்றரைப் பக்கம்.

சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. நாற்பத்தொன்றுக்குக் கையெழுத்து விழுந்த மறுநாள் காசிம் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார். ஒரு டார்ச், ஒரு கண்ணாடித் துண்டு, பத்து நிமிஷத்துக்கு வேண்டும், குழாய்க்கு அடியில் விட்டுப் பார்க்கிறேன் என்றார். கான்டிராக்ட் ஆட்கள் மஞ்சள் சீட்டில் கேட்க வேண்டும், அவர் கொண்டுவந்தது வெள்ளைச் சீட்டு. சிரித்த முகமாகத்தான் திருப்பி அனுப்பினேன். டார்ச் என் மேஜைமேலேயே இருந்தது. இதற்காக யாரும் என்னை விசாரிக்கவில்லை. மூன்று பிரதியில் என் பெயரை எழுதும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

உங்களை எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருப்பீர்கள். ஆனாலும், போன வாரம் உங்கள் ஜன்னலுக்கோ மேஜைக்கோ வீட்டு வாசலுக்கோ வந்து திரும்பிப் போனாரே ஒருவர், அவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவரிடம் என்ன குறைந்தது என்பது உடனே ஞாபகம் வருகிறதா? வருகிறது. அவர் எதற்காக வந்தார் என்பது?

வரவில்லையென்றால் பரவாயில்லை. நியமக்காரர்கள் வரிசையில் என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.